தமிழ் லைனில் அறுந்த அழைப்புகள்

மாதக் கடைசியோடு தமிழ் லைனை மூடிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டதாக ஸுமைரா மிஸ் வந்து சொன்னபோது, சுதர்சினி காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றக்கூட இல்லை. கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அன்று காலையிலிருந்து அதில் ஒருவரும் பேசியிருக்கவில்லை.

கேகாலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கீழே மருந்துக்கடையும் மேலே சேனலிங் சென்டருமாக இருக்கிற கட்டடம் அது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வரும் டொக்டர்மாரைப் பார்க்க அங்கேதான் போன் பண்ணி நம்பர் போட வேண்டும். மேல்மாடியின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குள் வரிசையாக மேசைகள். இரண்டு மேசைகளில் சிங்கள லைன், ஒன்றில் தமிழ் லைன், நாலாவது மேசை சும்மா கிடந்தது. சுவரில் பெரிய டீவி. எந்த லைனில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் ஆள் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் அந்த லைனின் கட்டம் மஞ்சளாகும். அந்த மேசைக்காரியின் காதில் டிக் டிக் என்று தட்டும். இன்னும் காக்க வைத்தால் கட்டம் சிவப்பாகி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி மணியடிக்கும். சிங்கள லைனில் இருக்கிற நிலூஷிக்கு இந்த மஞ்சளும் சிவப்பும் சாப்பாட்டு நேரத்திலும் ஓயாது. சுதர்சினியின் கட்டமோ மூன்று கிழமைக்கு முன் புதுச் சிஸ்டம் வந்த நாளிலிருந்து பச்சையாகவே இருந்தது.

"உங்கள நான் குறை சொல்லல்ல சுதர்சினி," என்றாள் ஸுமைரா. நிர்வாகப் படிப்பு முடித்து, மாவனெல்லையிலிருந்து வந்து போகிறவள். வயதில் சுதர்சினியைவிட இளையவள் என்றாலும், மேற்பார்வை அவளுடையது என்பதால் எல்லாருக்கும் அவள் மிஸ்தான். "ரிப்போட்டப் பாத்தா, வாற கோல்ல முக்கால்வாசி நீங்க எடுக்க முந்தியே கட்டாகுது. ஆக்களுக்கு வெயிட் பண்ணப் பொறுமையில்ல. இந்தப் பக்கத்துத் தமிழாக்களுக்கு நல்லாச் சிங்களம் வருந்தானே. சிங்கள லைனுக்கே எடுத்துப் பேசிட்டுப் போறாங்க போல."

"அப்ப நான் மிஸ்?"

"கீழ மருந்துக்கடைக்குப் போங்க. சம்பளம் அதேதான். ஆனா, கடை பூட்டுற வரைக்கும் நிக்கணும். எட்டு மணியாகும்."

சுதர்சினியின் தோட்டத்துக்குள் போகிற கடைசி பஸ் ஆறரைக்கு. அதற்குப் பிறகு ஆட்டோதான். ரப்பர் மலையைச் சுற்றிக்கொண்டு போகிற அந்தப் பாதைக்கு இருட்டில் எந்த ஆட்டோக்காரனும் லேசில் வரமாட்டான். வந்தாலும், தினம் தினம் அப்படிப் போய்வர யாரால் முடியும்? சம்பளம் அதேதான் என்று மிஸ் சொன்னாலும், இந்த வேலை இனி இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் ஈக்குது. யோசிச்சுச் சொல்லுங்க," என்றுவிட்டு ஸுமைரா போனாள்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று சுதர்சினிக்குத் தெரியவில்லை. சிஸ்டம் வருவதற்கு முன்னால் இதே மேசையில் ஒரு சின்னக் கைப்பேசிதான் இருந்தது. தமிழில் பேசுகிறவர்களுக்கென்று அதற்குத் தனி எண். அப்போது அவளுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. யட்டியாந்தோட்டையிலிருந்தும், ருவன்வெல்லைப் பக்கத்திலிருந்தும், இன்னும் பேர் தெரியாத தோட்ட டிவிஷன்களிலிருந்தும் ஆட்கள் போனில் வந்துகொண்டே இருந்தார்கள். சிஸ்டம் போட வந்த பிரதாப்கூட அந்த எண்ணை மாற்றவில்லை. கைப்பேசியிலிருந்த சிம்மைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் செருகி, "பழைய நம்பருக்கு எடுத்தாலும் நேரா உங்க வரிசையிலதான்க்கா விழும்" என்று காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அப்படியிருக்க, அந்த ஆட்களெல்லாம் எங்கே போனார்கள்? எல்லாருக்கும் ஒரே நாளில் நோய் குணமாகிவிட்டதா?

அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி லயத்து வீடுகளுக்கு ஏறும்போது, தண்ணீர்ப் பீலியில் அன்னலட்சுமி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளியிருப்பவள், ரப்பர் பால் வெட்டுக்காரி. சுதர்சினிக்கு உறவுமுறையில் அத்தை. மூன்று கிழமையாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேத்தி சடங்குக்குப் போகாத கோபம் என்றுதான் சுதர்சினி நினைத்திருந்தாள்.

"வாங்க மேடம்," என்றாள் அன்னலட்சுமி, குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னத்த, புதுசா மேடம்?"

"பின்ன? கேகாலையில ஏசி ரூம்புல குந்தியிருக்கிற ஆளு. எங்களுக்கெல்லாம் போன் எடுப்பீங்களா?"

"யாரு எடுத்து நான் பேசல? சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லாதீங்க."

"சும்மாவா! மூணு கிழமையா ரிங் குடுத்தேன்டி. மலைக்குப் போறப்ப ஒண்ணு, பால் நிறுவையில குடுத்துட்டு வந்து ஒண்ணு. மடியில போன வச்சுக்கிட்டு, இந்தா எடுப்பா, இந்தா எடுப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முழங்கால் வீங்கிக் கெடக்கு, எலும்பு டொக்டருக்கு ஒரு நம்பர் போட நாதியில்ல."

சுதர்சினி பையைக் கீழே வைத்தாள். "ரிங் குடுத்து என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்றது, கட் பண்ணுனேன். நீதான சொன்ன, ரிங் கட் குடுங்க, நான் திருப்பி எடுக்கிறேன்னு? முந்தியெல்லாம் நாலு ரிங் போனாலும் ஒருத்தரும் எடுக்க மாட்டீங்க, நாம பாத்துக் கட் பண்ணலாம். இப்ப ஒரு ரிங் முடியல, டக்குன்னு ஒரு பொம்பள எடுத்து சிங்களத்துல ஆயுபோவங்கிறா. எடுத்துட்டாளா, காசு ஓடுமே! பதறிப்போய் வச்சுட்டேன்."

பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஷாமிளா சிரித்தாள். "எங்க மாமியா அதுக்குப் பதிலே சொல்லிருச்சுக்கா. 'நல்லாருக்கேம்மா, நீங்க எந்தத் தோட்டம்'னு கேட்டிருக்கு. அது பாட்டுக்குப் பாட்டுப் போட்டுருச்சாம். பெருமை புடிச்சவன்னு திட்டிட்டு வச்சிருச்சு."

"அது மெஷின்," என்றாள் சுதர்சினி. "அது பேசி முடிச்சு, பாட்டு வந்து, அப்புறந்தான் நான் வருவேன்."

"அப்ப நேரா நீயே வர்றது! நடுவுல அவளுக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு அன்னலட்சுமி குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

சுதர்சினிக்குச் சிரிப்பு வந்தது. ரிங் கட் பழக்கத்தை உண்டாக்கியவள் அவளேதான். கைப்பேசி இருந்த காலத்தில் அதற்கு மலிவான பேக்கேஜ் போட்டிருந்தது. அவள் பக்கத்திலிருந்து திருப்பி எடுப்பதற்குச் செலவில்லை. ஆகவே யார் கேட்டாலும் ரிங் கட் குடுங்க என்றே சொல்லி அனுப்பினாள். விட்டுப்போன எண்கள் கைப்பேசியிலேயே நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக அவள் எடுத்துப் பேசுவாள். புதுச் சிஸ்டத்தில் அப்படி ஒன்றும் நிற்பதில்லை. வரவேற்புக் குரல் பேசும்போதே அறுந்துபோன அழைப்பு அவளுடைய மேசைக்கு வருவதே இல்லை. அரை நிமிடம் யாரும் காத்திராததால் மஞ்சளும் இல்லை, மணியும் இல்லை. நேரே மிஸ்ஸின் ரிப்போர்ட்டில் போய், பொறுமையில்லாத ஆட்களின் கணக்கில் விழுந்துவிடுகிறது.

மறுநாள் லைன் திறப்பதற்கு முன்பே ஸுமைராவின் மேசைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"ரிங் கட்டா?" என்றாள் ஸுமைரா. "இந்தக் காலத்துலயுமா?"

"நான்தான் பழக்கிவிட்டேன் மிஸ்."

"அப்ப நீங்களே வாணாம்னு சொல்லிருங்க. ஆக்கள் பழகத்தானே வேணும்."

"சொல்லலாம் மிஸ். ஆனா நம்ம நம்பர லயத்துச் சுவத்துல, பிள்ளைகள விட்டுட்டு வேலைக்குப் போற பிள்ளைக் காம்பராக் கதவுல, கோயில் சுவத்துல எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. பக்கத்துலயே 'ரிங் கட் மட்டும்'னும் எழுதியிருக்கு. ஒவ்வொரு தோட்டமாப் போய் அழிச்சு முடிக்கிறதுக்குள்ள மாசக் கடைசி வந்துரும்."

ஸுமைரா பேனாவால் மேசையைத் தட்டினாள். பிறகு பிரதாப்புக்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

பிரதாப் எஹலியகொடைக்காரன். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அக்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே! எங்க அம்மாவே எனக்கு ரிங் கட்தான் குடுக்கும். அறுந்த நம்பரையெல்லாம் உங்க ஸ்கிரீன்ல காட்டச் சொல்லலாம். ஒவ்வொண்ணு விழுறப்பவும் காதுல ஒரு தட்டுத் தட்டவும் வைக்கலாம். இங்கயிருந்தே செஞ்சு விடறேன்."

"செய்ங்க," என்றாள் ஸுமைரா. போனை வைத்துவிட்டுச் சுதர்சினியைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழம எலும்பு டொக்டர் வாறாரு. சனிக்கிழமதான் அவருக்கு நம்பர் போடக் கோல் கூடின நாள். அண்டைக்குப் பாப்போம். அண்டைக்கும் லைன் சும்மா கிடந்தா, முதலாளிக்கிட்டப் பேச எனக்கு ஒண்டும் இல்ல."

சனிக்கிழமை காலையில் சுதர்சினி முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். லைன் திறந்ததும் காதில் ஒரு தட்டு. ஸ்கிரீனில் ஓர் எண். அடுத்த தட்டு, அடுத்த எண். எல்லாம் சில நொடி வந்து அறுந்தவை. முதல் எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது எண்ணில் மணி போகும்போதே அந்தப் பக்கம் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு பெண் எடுத்தாள். சுதர்சினி "வணக்கம், நாங்க கேகாலை..." என்று தொடங்குவதற்குள், "தேகி எப்பா! பரிசு ஒண்ணும் வேணாம், வைங்க போனை!" என்று சிங்களமும் தமிழுமாக ஒரு கத்தல். லைன் செத்தது.

கண்ணாடிக்கு வெளியே ஸுமைரா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கிரீனில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. டீவியில் தமிழ் லைனின் கட்டம் மட்டும் அதே பச்சை.

சுதர்சினி தன் சொந்தப் போனை எடுத்து அன்னலட்சுமியைக் கூப்பிட்டாள். அவள் உடனே எடுத்தாள். பின்னால் காகமும், யாரோ வாளி வைக்கிற சத்தமும் கேட்டன.

"அத்த, இப்பத்தான ரிங் குடுத்தீங்க? நான் திருப்பி எடுத்தா ஏன் கட் பண்றீங்க?"

"நீ எங்கடி எடுத்த? ஜீரோ முப்பத்தஞ்சுன்னு எவனோ எடுக்கிறான். பரிசு விழுந்திருக்கு, பேங்க் நம்பரச் சொல்லுங்கம்பான். போன மாசம் நம்ம விஜயகலா ஏமாந்து அழுதது மறந்துபோச்சா? அந்த மாதிரி நம்பர் வந்தா எடுக்கவே கூடாதுன்னு தோட்டத்துத் தொரை ஆபீஸ்லயே சொல்லியிருக்காங்க."

"அது நான்தான் அத்த! ஆபீஸ் நம்பர்."

"உன் நம்பர் எனக்குத் தெரியாதா? எழுபத்தேழுல தொடங்கும். 'டொக்டர் சுதா'ன்னு போட்டு வச்சிருக்கேன். அதுல எடு, பேசுறேன்."

போனை வைத்ததும் சுதர்சினி எழுந்து ஸுமைராவிடம் போனாள். "மிஸ், ஆளுங்களுக்குப் பேச மனசில்லாம இல்ல. லேண்ட்லைன் நம்பரப் பாத்துப் பயப்படுறாங்க. நாம வெளிய எடுக்கிற கோலும் அந்தப் பழைய சிம் வழியாப் போகணும். அப்பதான் எங்க நம்பர்னு எடுப்பாங்க."

"அதெல்லாம் ஏலுமா?"

"பிரதாப்கிட்டக் கேளுங்க மிஸ்."

பிரதாப் பஸ்ஸில் இருந்தான். ஏலும் என்றான், ஆனால் இறங்கி லேப்டாப்பைத் திறக்க வேண்டும் என்றான். அவன் இறங்கி, ஒரு டீக்கடையில் இடம் பிடித்து, செய்து முடிக்கும்வரை சுதர்சினி கையைக் கட்டிக்கொண்டு எண்கள் ஏறுவதைப் பார்த்திருந்தாள். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு முழங்காலோ இடுப்போ இருக்கிறது. அத்தனை பேரும் இந்நேரம் அவளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கும் எடுக்காவிட்டால் அடுத்த முறை ரிங்கும் கொடுக்கமாட்டார்கள். அப்புறம் மிஸ் சொன்னதே சரியாகிவிடும்.

"அக்கா, இப்ப எடுத்துப் பாருங்க," என்று செய்தி வந்தது.

எடுத்தாள். பாதி மணியில் ஓர் ஆண் குரல்: "ஆ, சொல்லும்மா சுதா! உசுரோடதான் இருக்கியா?"

அதன் பிறகு அவளுக்குத் தலை நிமிர நேரம் இல்லை. எடுத்தவர்கள் ஒரு நம்பர் போட்டுவிட்டு வைத்துவிடுகிற ஆட்கள் அல்ல. டொக்டர் எப்படிப்பட்டவர், ஊசி போடுவாரா, எக்ஸ்ரே இங்கேயே எடுக்கலாமா, வேட்டி கட்டி வரலாமா என்று எல்லாம் கேட்டார்கள். மூன்று கிழமைக் கோபத்தையும் கொட்டினார்கள். ஒரு கிழவர், தான் பேசியது போதாதென்று பக்கத்து வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தார். அவருக்கும் இடுப்பு வலியாம்.

அவள் இப்படி வெளியே பேசிக்கொண்டிருக்கும்போதே, மெஷின் குரலுக்குப் பயப்படாத சிலர் உள்ளே வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். காதில் டிக் டிக் தட்டியது. அவள் கவனிக்கவில்லை. கிழவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று அறை முழுக்க மணியடித்தது.

நிலூஷி பழக்கத்தில் தன் கட்டத்தைப் பார்த்தாள். அது பச்சை. பிறகு எழுந்தே நின்றுவிட்டாள். "அக்கே, பலன்ன!" என்று டீவியைக் காட்டினாள்.

தமிழ் லைனின் கட்டம் சிவப்பாக இருந்தது.

ஸுமைரா ஓடி வந்தாள். "சுதர்சினி, கெதியா! சிவப்பு வந்தா முதலாளிட போனுக்கு மெசேஜ் போகும்!"

"ரெண்டு கையும் ஒரு வாயும்தான் மிஸ் இருக்கு," என்றாள் சுதர்சினி. கிழவரிடம், "ஐயா, உங்க ரெண்டு பேருக்கும் போட்டாச்சு, நாளைக்கு வாங்க, வச்சிர்றேன்" என்று முடித்துக்கொண்டு, காத்திருந்தவரை எடுத்தாள். ஒருவரை முடிப்பதற்குள் இன்னும் மூவர் சேர்ந்தார்கள். மணி நின்றது, மறுபடி அடித்தது.

கீழே மருந்துக்கடையிலிருந்த செல்லத்துரை முதலாளி, போனைக் கையில் பிடித்தபடியே படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. "என்னம்மா இது? தமிழ் லைன் சிவப்பு, தமிழ் லைன் சிவப்புன்னு மெசேஜா வருது. சிஸ்டம் பழுதா? மூடுறதுன்னு சொன்ன லைன்தானே இது?"

சுதர்சினிக்குக் காதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவள் முதலாளி பேசுவதைத்தான் கேட்டாள். சிவப்பு என்றால் வேலை சரியில்லை என்றுதான் முதலாளிக்குத் தெரியும்.

"பழுது இல்ல சேர்," என்றாள் ஸுமைரா. "ஆக்கள்தான். மூடலாம்னு உங்களுக்குச் சொன்னது நான்தான். ரிப்போட்ட மட்டும் பாத்துச் சொல்லிட்டேன், பிழை." பிறகு ரிங் கட்டையும், லேண்ட்லைன் பயத்தையும் சுருக்கமாகச் சொன்னாள்.

முதலாளி சுவர் டீவியையும் பார்த்தார், சுதர்சினியையும் பார்த்தார். "நம்ம ஆளுங்க புத்தி போற போக்கு!" என்றார். "எலும்பு டொக்டருக்கு எத்தன நம்பர் போயிருக்கு?"

"நாளைக்கு எல்லா நம்பரும் முடிஞ்சுது சேர். அடுத்த ஞாயிறுக்குப் போடுறோம்," என்றாள் ஸுமைரா.

"போன ஞாயிறு அவரு பாதி நாள் சும்மா குந்தியிருந்துட்டுப் போனாரு," என்றார் முதலாளி. "சரி, மூட வேணாம். அந்தப் புள்ள மேலயே இருக்கட்டும். ஆனா இந்த மணிச் சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது. ஒரு ஆளுக்கு ஏலாதுன்னா இன்னொரு ஆள வைங்க. அது வரைக்கும் என்ன செய்வீங்களோ தெரியாது." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

சுதர்சினி அந்த அழைப்பை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "மிஸ், ஒண்ணு செய்யலாம். காத்திருக்கிற ஆளுங்கள முதல்ல முடிப்போம். ரிங் கட் நம்பரெல்லாம் ஸ்கிரீன்ல நிக்கட்டும். மத்தியானத்துக்கு மேல வரிசை ஓயுறப்ப, வந்த வரிசையிலயே எடுக்கிறேன். ஆளுங்க பால் நிறுவையில குடுத்துட்டு வீட்டுக்கு வர்றதும் அந்த நேரந்தான்."

"அதுக்கு ஆக்கள் ஏச மாட்டாங்களா?"

"ஏசுவாங்க. அன்னலட்சுமி அத்தை ஒரு கிழமைக்கு ஏசும். நான் பாத்துக்கிறேன்."

ஸுமைரா சும்மா கிடந்த நாலாவது மேசையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். தமிழ் வரிசையில் தன் பெயரையும் சேர்த்தாள். கட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சுதர்சினி, இந்தாள் அட்ரஸ் கேட்டா நடுக்கணக்குன்னு சொல்றாரு. நான் காசு கணக்கக் கேக்கல்ல, அட்ரஸ்தான் கேக்கிறன்னா திருப்பியும் அதையே சொல்றாரு. கோபமும் வருது அவருக்கு."

"அது கணக்கு இல்ல மிஸ், டிவிஷன் பேரு. தோட்டம் எதுன்னு மட்டும் கேளுங்க. மேக்கணக்கு, கீழ்க்கணக்குன்னு இன்னும் வருவாங்க, பயப்படாதீங்க."

"அல்லாஹ்," என்றாள் ஸுமைரா, கையை எடுத்துவிட்டு, "ஓம் ஐயா, நடுக்கணக்குதான், விளங்கிச்சு. எந்தத் தோட்டம்?" என்று தொடர்ந்தாள்.

சுதர்சினி அடுத்த அழைப்பை எடுத்தாள்.